டிராக்டர் டிரெய்லரில் டயர் உரசலும் வில்பட்டைக் கோளாறுகளும்

டயர் உரசல் என்பது, டிராக்டரால் இழுத்துச் செல்லப்படும் சுமைவண்டியின் டயர், ஓட்டத்தின்போது வண்டியின் தளம், இரும்புச் சட்டம், மட்கார்டு, வில்பட்டை ஆகியவற்றுள் ஒன்றைத் தொட்டுத் தேயும் கோளாறு ஆகும். டயருக்கும் வண்டியின் பிற உறுப்புகளுக்கும் இடையே இருக்க வேண்டிய வெற்றிடம் டயர் இடைவெளி எனப்படும். இந்த இடைவெளி குறைவதற்கு அளவுக்கு மீறிய சுமை, களைத்த அல்லது உடைந்த வில்பட்டை, இடம் பெயர்ந்த அச்சு, அளவு மாறிய டயர் ஆகியவை பெரும்பாலும் காரணமாகின்றன. உரசல் ஏற்பட்டவுடன் வில்பட்டைக் கட்டில் மேலும் ஒரு பட்டையைச் சேர்ப்பது தமிழகக் கிராமங்களில் பரவலாகக் காணப்படும் வழக்கம். ஆனால் உரசல் எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதைப் பார்க்காமல் செய்யப்படும் இத்திருத்தம் பல நேரங்களில் காரணத்தை அப்படியே விட்டுவிடுகிறது.

மேலைநாடுகளில் கார்களுக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் சுற்றுலாத் தங்கல் வண்டிகளிலும் இதே கோளாறு உண்டு. தமிழ்நாட்டில் அத்தகைய வண்டிகள் அரிது. இங்கு இழுத்துச் செல்லப்படும் வண்டி என்றால் அது பெரும்பாலும் டிராக்டர் டிரெய்லரையே குறிக்கும் என்பதால், இக்கட்டுரை அதனை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது.

வேப்பூர் வட்டாரத்தில் பயன்பாடு

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்திற்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் வேப்பூர் அமைந்துள்ளது. சென்னை - திருச்சிராப்பள்ளி தேசிய நெடுஞ்சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் செல்லும் சாலையும் இவ்வூரின் கூட்டுரோட்டில் சந்திக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் விளையும் மக்காச்சோளம், பருத்தி, நெல், உளுந்து ஆகியவை விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குக் கொண்டு செல்லப்படுகின்றன. கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் கரும்பு சேத்தியாத்தோப்பு, நெல்லிக்குப்பம், கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆகிய ஊர்களின் ஆலைகளுக்குச் செல்வது வழக்கம். வயலிலிருந்து வரப்பு, வண்டிப்பாதை, ஊர்ச்சாலை, பின்னர் நான்குவழிச் சாலை என ஒரே நடையில் முற்றிலும் வேறுபட்ட பரப்புகளைக் கடக்க வேண்டியிருப்பதே இவ்வண்டிகளின் தனித்தன்மை. நெடுஞ்சாலைக்கு ஏற்றவாறு அமைந்த வண்டி வயலில் தடுமாறும். வயலுக்கு ஏற்றது நெடுஞ்சாலையில் ஆபத்தாகும்.

மாட்டு வண்டியில் இச்சிக்கல் வேறு வடிவில் இருந்தது. கட்டை வண்டியின் சக்கரங்கள் வண்டித் தளத்திற்கு வெளியே, அதைவிட உயரமாக நின்றதால் மேல் இடைவெளி என்னும் கேள்வியே எழவில்லை. கடையாணியோ குடமோ தேய்ந்து சக்கரம் பக்கவாட்டில் ஆடும்போதுதான் உரசல் உண்டாகும். காற்றடைத்த டயர் பூட்டிய டயர் வண்டி வந்தபோது சக்கரம் சிறியதாகித் தளத்திற்குக் கீழே சென்றது. டிராக்டர் டிரெய்லர் அந்த அமைப்பையே பெரிதாக்கிக் கொண்டது.

வண்டியின் அமைப்பு

டிரெய்லர்களில் ஓர் அச்சு கொண்டவை, ஈரச்சு கொண்டவை என இரு வகைகள் உள்ளன. ஓரச்சு வண்டிகளில் பலவற்றுக்கு வில்பட்டை கிடையாது. அச்சு நேரடியாகச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். அதிர்வைத் தாங்குவது டயரில் உள்ள காற்று மட்டுமே. இவ்வகையில் தளத்திற்கும் டயருக்கும் இடையிலான தூரம் சுமையால் மாறுவதில்லை. எனவே இவ்வண்டியில் மேற்புற உரசல் காணப்பட்டால், டயர் அளவு மாறியிருக்க வேண்டும், அல்லது அச்சோ சட்டமோ வளைந்திருக்க வேண்டும்.

நான்கு சக்கர வண்டிகளில் முன்னச்சு ஒரு சுழல்தட்டின் மீது அமைந்து, இழுதண்டுடன் சேர்ந்து திரும்பும். இரண்டு அச்சுகளிலும் பக்கத்திற்கு ஒன்றாக நான்கு வில்பட்டைக் கட்டுகள் இருக்கும். ஒவ்வொரு கட்டும் நீளம் குறைந்துகொண்டே செல்லும் பல எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் இணைத்து, யூ வடிவப் போல்ட்டுகளால் அச்சுடன் இறுக்கப்பட்டதாகும். மேலே உள்ள மிக நீளமான பட்டையின் முனைகள் சுருட்டப்பட்டு, அவற்றின் வழியே சட்டத்துடன் இணைகின்றன. ஒரு முனை நிலையாகவும், மறுமுனை ஷேக்கிள் என்னும் ஆடும் இணைப்பிலும் இருக்கும். பட்டை அமிழ்ந்து நிமிரும்போது அதன் நீளம் சற்றுக் கூடும் என்பதால் இந்த ஆடும் முனை தேவைப்படுகிறது. இங்கிலாந்தில் ஒபடையா எலியட் என்பவர் 1804-ஆம் ஆண்டில் குதிரை வண்டிகளுக்கு நீள்வட்ட வில்பட்டையை அமைத்தார். இன்றைய பட்டைக் கட்டு அதன் வழிவந்ததே.

இடைவெளியைக் கணக்கிடுதல்

வெற்று வண்டியில் அளக்கப்படும் இடைவெளி மட்டும் போதுமான தகவலைத் தராது. சுமையேற்றும்போது வில்பட்டை எவ்வளவு அமிழும், பள்ளத்தில் இறங்கும்போது அதற்கு மேல் எவ்வளவு அமிழும் என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வில்பட்டையின் அமிழ்வு ஏறத்தாழச் சுமைக்கு நேர்விகிதத்தில் அமையும். மேலும், மெதுவாக வைக்கப்பட்ட சுமையைவிடத் திடீரென விடப்பட்ட அதே சுமை இரு மடங்கு அமிழ்வைத் தரும் என்பது இயந்திரவியலின் அடிப்படை முடிவுகளுள் ஒன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். வெற்று நிலையில் டயருக்கு மேல் 150 மி.மீ. இடைவெளி உள்ள ஒரு வண்டி, 5 டன் சுமையில் 70 மி.மீ. அமிழ்கிறது எனக் கொள்வோம். நிற்கும்போது 80 மி.மீ. மீதமிருக்கும். சாதாரணக் குலுக்கலில் விசை ஒன்றரை மடங்கானால் மொத்த அமிழ்வு 105 மி.மீ. ஆகும். ஆழமான பள்ளத்தில் இரு மடங்கானால் 140 மி.மீ. அப்போதும் 10 மி.மீ. எஞ்சும். அதே வண்டியில் 8 டன் ஏற்றினால் நிற்கும்போதே 112 மி.மீ. அமிழ்ந்து 38 மி.மீ. மட்டுமே மீதமிருக்கும். சாதாரணக் குலுக்கலிலேயே அமிழ்வு 168 மி.மீ. ஆகி, டயர் தளத்தில் மோதும். களத்தில் நிற்கும்போது கை நுழையும் அளவு இடம் இருக்கும் வண்டி, சாலையில் உரசிக்கொண்டே செல்வதற்கு இதுவே காரணம்.

டயர் அளவு மாற்றமும் இக்கணக்கை உடைக்கும். டிரெய்லர்களுக்கு லாரிகளிலிருந்து கழித்த டயர்களை வாங்கிப் பூட்டுவது வழக்கத்தில் உள்ளது. 9.00-20 அளவுள்ள டயரின் மொத்த விட்டம் சுமார் 1,018 மி.மீ.; 10.00-20 அளவுள்ளதன் விட்டம் சுமார் 1,055 மி.மீ. இரண்டும் ஒரே 20 அங்குல விட்டமுள்ள சக்கரத்திற்கானவை என்பதால் வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. எனினும் ஆரத்தில் 18 மி.மீ. கூடுகிறது. மேலே கண்ட வண்டியில் 5 டன் சுமையுடன் ஆழமான பள்ளத்தில் மீதமிருந்தது 10 மி.மீ. மட்டுமே. எனவே முன்பு தப்பித்த வண்டி இப்போது உரசும். அகலமும் ஏறத்தாழ 2 செ.மீ. கூடுவதால் உட்புறமாக வில்பட்டையைத் தொடும் வாய்ப்பும் உண்டாகிறது. 7.50-16 டயருக்குப் பதில் 9.00-16 பூட்டினால் ஆரம் சுமார் 4 செ.மீ. உயரும்.

காற்றுக் குறைவு பற்றி ஒரு தவறான கருத்து நிலவுகிறது. காற்று குறைந்தால் வண்டி இறங்கும், ஆகவே டயர் தளத்தில் உரசும் என எண்ணுவர். உண்மையில் டயர் நசுங்குவது தரையைத் தொடும் அடிப்பகுதியில்தான். அச்சிலிருந்து டயரின் மேல் விளிம்புக்கு உள்ள தூரம் மாறுவதில்லை. அச்சும் தளமும் சேர்ந்தே இறங்குகின்றன. எனவே மேல் இடைவெளி குறையாது. காற்றுக் குறைந்த டயர் பக்கவாட்டில் புடைப்பதால் பக்க உரசல் வரலாம். ஜோடி டயர்கள் உள்ள அச்சில் அவை இரண்டும் ஒன்றையொன்று தொடலாம்.

உரசல் தடத்தைக் கொண்டு காரணம் அறிதல்

உரசிய இடம் இரும்பில் பளபளப்பாகவோ, கரிய ரப்பர் பூச்சாகவோ தெரியும். டயரிலும் அதற்கு இணையான தேய்மானம் காணப்படும். இத்தடங்களை வண்டியைக் கழுவுவதற்கு முன்பே பார்ப்பது நல்லது.

இரு பக்கமும் தளத்தின் அடியில், அச்சுக்கு நேர் மேலே ஒரே அளவில் தடம் இருந்தால், வண்டி மொத்தமாக அமிழ்கிறது என்று பொருள். மிகைச் சுமை, அல்லது ஆண்டுக்கணக்கில் உழைத்து வளைவை இழந்த பட்டைகள், அல்லது பெரிய டயர் காரணமாகலாம். ஒரு பக்கம் மட்டும் தடம் இருந்தால், அப்பக்கக் கட்டில் ஏதேனும் ஒரு பட்டை உடைந்துள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உடைவு பெரும்பாலும் நடு போல்ட் துளையை ஒட்டியோ, யூ போல்ட்டின் விளிம்பிலோ நிகழும். உடைந்த பட்டை அடுக்கிற்குள் மறைந்திருப்பதால் எளிதில் தெரியாது. அவ்விடத்தில் கசியும் துரு நிறக் கோடும், பட்டைகளுக்கிடையே திடீரெனத் தோன்றும் இடுக்கும் அதைக் காட்டிக்கொடுக்கும். பட்டைகள் நலமாக இருந்தும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், சுமை ஏற்றிய விதத்தைக் கவனிக்க வேண்டும். கரும்புக் கட்டுகளின் அடிப்பகுதிகள் ஒரே பக்கமாக அடுக்கப்பட்டால் அப்பக்கம் கனம் கூடும்.

தடம் அச்சுக்கு நேர் மேலே இல்லாமல் முன்னோ பின்னோ விலகியிருப்பது மிகவும் கவனத்திற்குரியது. நடு போல்ட் அறுந்தாலோ யூ போல்ட்டுகள் தளர்ந்தாலோ, அச்சின் ஒரு முனை பட்டையின் மீது வழுக்கி நகரும். பள்ளத்தில் சக்கரம் தடுக்கப்படும்போது அது பெரும்பாலும் பின்னோக்கியே நகர்கிறது. அப்போது அச்சு கோணலாகி, வண்டி டிராக்டரின் தடத்தில் செல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். டயரின் மிதிபரப்பு இறகு இறகாகத் தேயும். பின்னால் வரும் வாகன ஓட்டிகளுக்கு இது எளிதில் தெரியும். டிராக்டர் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. நடு போல்ட் அறுவதற்கு யூ போல்ட்டின் தளர்ச்சியே முதற்காரணம். அச்சை இடத்தில் பிடித்து வைப்பது யூ போல்ட்டின் இறுக்கத்தால் உண்டாகும் உராய்வுதான். அந்த இறுக்கம் போனால் முழு விசையும் மெல்லிய நடு போல்ட்டின் மீது விழுகிறது.

டயரின் உட்பக்கச் சுவரில் வளையமாகத் தேய்மானம் இருந்தால், பக்கவாட்டு ஆட்டம் உண்டு என அறியலாம். பட்டைக் கண்ணில் உள்ள புஷ், ஷேக்கிள் முளை, சக்கரப் பேரிங்கு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங்கின் ஆட்டம் கையில் தெரியும். அச்சு அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் குறை பேரிங்கில் உள்ளது.

திரும்பும்போது மட்டும் கேட்கும் உரசலுக்கு வில்பட்டையோடு தொடர்பு குறைவு. சுழல்தட்டில் திரும்பும் முன்சக்கரங்கள் தளத்திற்கு அடியில் நுழைகின்றன. நேராக ஓடும்போது அவற்றுக்கு மேல் இருக்கும் வெற்றிடம், திரும்பிய நிலையில் குறுக்குச் சட்டங்களால் குறையலாம். டிராக்டரின் பெரிய பின்டயர் இழுதண்டிலோ டிரெய்லரின் முன்முகப்பிலோ மோதுவதும் உண்டு. இழுதண்டைக் குறுக்கி வெல்டிங் செய்த வண்டிகளில் இது அதிகம்.

மழைக்காலத்தில் இவை எதுவும் இல்லாமலேயே உரசல் தோன்றும். கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகி, காய்ந்தபின் கல்லைப் போலாகிறது. வேப்பூர்ப் பகுதியின் கரிசல் காடுகளிலிருந்து அறுவடை ஏற்றிவரும் வண்டிகளில் இடைவெளியைக் குறைப்பது இரும்பன்று, மண்ணே. வயலுக்குச் செல்லும் காலங்களில் மட்கார்டைக் கழற்றி வைப்பது இதனால்தான்.

உரசலின் விளைவு டயர் தேய்வதோடு நிற்பதில்லை. கூர்மையான தகர விளிம்பு டயரின் தோள்பகுதி இழைகளை அறுக்கும். உராய்வு வெப்பம் மிகைச் சுமையால் உண்டாகும் வெப்பத்துடன் சேரும். பல டிரெய்லர்களுக்குத் தனிப் பிரேக் இல்லாத நிலையில், ஓடும்போது டயர் வெடித்தால் வண்டியை நேராக நிறுத்துவது கடினம். சுமையின் மேல் ஆட்கள் அமர்ந்து செல்லும் பழக்கம் இவ்வாபத்தை மேலும் பெருக்குகிறது.

பட்டை கூட்டுதலும் பிற திருத்தங்களும்

வில்பட்டைக் கட்டின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்திலும், ஒவ்வொரு பட்டையின் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. 10 மி.மீ. தடிப்புள்ள பட்டை துருவாலும் உராய்வாலும் 9 மி.மீ. ஆகிவிட்டால், அதன் விறைப்பு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்துவிடும். மாறாக, 9 பட்டைகள் உள்ள கட்டில் பத்தாவது பட்டையைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 11 விழுக்காடுதான் கூடுகிறது. மேலே கண்ட 8 டன் வண்டியில் இதனால் 112 மி.மீ. அமிழ்வு ஏறக்குறைய 101 மி.மீ. ஆகும். புதிய பட்டையின் தடிப்பையும் சேர்த்து, கிடைக்கும் கூடுதல் இடைவெளி சுமார் 2 செ.மீ. மட்டுமே. அச்சும், பேரிங்கும், டயரும் சுமக்கும் எடையில் ஒரு கிலோகூடக் குறைவதில்லை. வண்டி மேலும் சுமக்கும் என்ற எண்ணத்தை மட்டும் அது தருகிறது. பட்டை கூட்டியபின் அடுத்து உடைவது அச்சு முனையாக இருப்பதில் வியப்பில்லை. விறைப்பு கூடிய வண்டி குறைந்த சுமையில் கடுமையாகக் குலுங்கும் என்பதும் குறிப்பிடத்தக்கது. விருத்தாசலத்தின் பீங்கான் பொருட்களைப் போன்ற உடையும் சரக்குக்கு இத்தகைய வண்டி பொருந்தாது.

அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து வண்டியை உயர்த்துவது மற்றொரு முறை. பட்டைக்கு மேலே இருந்த அச்சைக் கீழே மாற்றிப் பூட்டுவதும் இதே நோக்கத்தில்தான். இவை இடைவெளியை உறுதியாகக் கூட்டும். அதே சமயம் சுமையின் எடைமையத்தையும் உயர்த்தும். சக்கரங்களுக்கிடையே 1.6 மீட்டர் அகலமும், தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் எடைமையமும் உள்ள வண்டியை 15 செ.மீ. உயர்த்தினால், அது கவிழாமல் தாங்கும் பக்கவிசை சுமார் 9 விழுக்காடு குறைகிறது. கரும்பு, வைக்கோல் போன்ற உயரமான சுமைகளில் வாய்க்கால் கரையில் இறங்கும்போது இந்த வேறுபாடு உணரப்படும்.

உடைந்த பட்டையை வெல்டிங் செய்வது முற்றிலும் தவிர்க்க வேண்டியது. வில்பட்டை எஃகு, சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. வெல்டிங்கின் வெப்பம் அந்தப் பதத்தைக் கெடுத்து, பற்றவைத்த இடத்தை ஒட்டி நொறுங்கும் தன்மையை உண்டாக்கும். களைத்த பட்டையை உலையில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றுவது பட்டறைகளில் நடைபெறுகிறது. மீண்டும் முறையாகப் பதப்படுத்தினால் அது பயன்தரும். வெறுமனே அடித்து ஆறவிட்டால் சில நடைகளிலேயே பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

அளக்கும் முறை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு மூலைகளிலும் அச்சுக்கும் சட்டத்திற்கும் இடையிலான உயரத்தை வெற்றாகவும் சுமையுடனும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் ஒத்திருந்தால் பட்டைகள் சமம். அச்சின் கோணலைக் காண ஒரு நீளக் கயிறே போதும். இழுதண்டைச் சட்டத்திற்கு நேராக வைத்து, கொக்கித் துளையிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் கயிற்றைப் பிடித்தால் இரண்டு தூரங்களும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டைக் கட்டை மாற்றும்போது ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் புதிய பக்கம் உயர்ந்து நிற்கும். ஆகவே ஓர் அச்சின் இரண்டு கட்டுகளையும் சேர்த்தே மாற்றுவர். புதிதாக இறுக்கிய யூ போல்ட்டுகள் முதல் சுமை நடைக்குப்பின் சற்றுத் தளரும் என்பதால் மறுமுறை இறுக்குவது இன்றியமையாதது. இந்த மறு இறுக்கம்தான் பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

சுற்றுலாத் தங்கல் வண்டிகள்

கார்களால் இழுக்கப்படும் தங்கல் வண்டிகளில் சக்கரம், வண்டியின் உடலுக்குள் அமைந்த பெட்டி போன்ற குழிவிற்குள் சுழல்வதால் இடைவெளி எல்லாப் பக்கமும் குறைவு. வில்பட்டை அமிழும்போது நிமிர்ந்து நீள்வதால் அச்சு சற்றுப் பின்னே நகரும். எனவே பெட்டியின் பின்சுவரில் தோன்றும் தடம் மிகை அமிழ்வின் அறிகுறியாகும். பல வண்டிகளில் வில்பட்டைக்குப் பதில், அச்சுக் குழாய்க்குள் அடைக்கப்பட்ட ரப்பர் தண்டுகள் முறுக்கப்பட்டு அதிர்வைத் தாங்குகின்றன. அந்த ரப்பர் களைத்துவிட்டால் சேர்ப்பதற்குப் பட்டை ஏதும் இல்லை. பொதுவாக அச்சையே மாற்ற வேண்டும். ஈரச்சு வண்டியில் கொக்கியின் உயரம் பொருந்தாவிட்டால் வண்டி முன்னோ பின்னோ சாய்ந்து ஓர் அச்சின் மீதே சுமை கூடி, அந்தச் சக்கரங்கள் மட்டும் உரசும்.

சட்ட நிலை

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரைத் தனியாக வரையறுக்கிறது. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. எடை வரம்புகள் 113-ஆம் பிரிவில் கூறப்பட்டுள்ளன. பட்டை கூட்டிய வண்டிக்குப் பதிவில் குறித்த எடை வரம்பு தானாக உயர்வதில்லை.

கழித்த பட்டைகள்

ஆயுள் முடிந்த வில்பட்டைகள் வீணாவதில்லை. கரிமம் மிகுந்த இந்த எஃகு நன்கு கூர்மை பிடிக்கும் என்பதால், ஊர்க் கொல்லர்கள் இவற்றைக் காய்ச்சி அரிவாள், கத்தி முதலியவற்றை அடிக்கின்றனர். விரிசல் விட்ட பகுதி இதற்கும் உதவாது. அதை வெட்டி நீக்கிய பின்னரே உலையில் இடுகின்றனர்.